555 புத்தகத்தில் 11 ஃபியூஸ்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. "தம்பி, ஃபியூஸ் போட்டுக்கிட்டே இருக்கேன், அது போய்க்கிட்டே இருக்கு. மூணுல ஒண்ணுதான் ஓடுது. காடிங்க ரோட்டு வரைக்கும் நிக்குது" என்று கார் வாஷ் கடை வைத்திருக்கும் அண்ணன் போனில் கத்தினார். பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். காலையில் தோட்டத்துச் சேற்றோடு ஹைலக்ஸ்களும் வேன்களும் வரும், சாயங்காலம் யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்களின் சின்ன மைவி கார்கள் வரும். தீபாவளி வாரத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அந்த வாரத்தில் கார் வாஷ் நின்றால் அண்ணனுக்கு ஒரு மாத வாடகை போன மாதிரி.

அவர் கடையில் மூன்று ‘பே’, அதாவது வண்டியை நிறுத்திக் கழுவும் இடம். இரண்டாம் பேயில் கோளாறு என்று எழுதினால் பேய் பிடித்த கதை போலத்தான் இருக்கும், என்ன செய்வது. அண்ணனும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்திருந்தார். நான் போனபோது பேனல் பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

பேனலுக்குள் இருந்தவை

ஒவ்வொரு பேக்கும் ஒரு பிரஷர் பம்ப், அதை இழுக்க 5.5 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட் மூன்று ஃபேஸ். முழுச் சுமையில் ஒரு மோட்டார் ஏறக்குறைய 11 ஆம்பியர் எடுக்கும். அந்தப் பக்கம் பிரச்சினை எதுவும் இல்லை, சுமை மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் ஒன்றுகூட விழவில்லை.

போய்க்கொண்டிருந்தது கன்ட்ரோல் பக்கத்து ஃபியூஸ். 230 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைக்கும் 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அதிலிருந்து பேக்கு ஒன்றாக மூன்று கண்ணாடி ஃபியூஸ், ஒவ்வொன்றும் 2 ஆம்ப். ஃபியூஸைத் தாண்டிய மின்சாரம் மேலே சுழலும் இரும்புக் கையின் நுனியில் தொங்கும் பட்டன் பெட்டிக்குப் போகிறது. கழுவுகிற பையன் அதில் தண்ணீர், நுரை, மெழுகு என்று மூன்றில் ஒன்றை அழுத்துவான். அழுத்தினால் பேனலில் கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் இழுத்துப் பம்பை ஓட்டும், அதற்குரிய சொலினாய்டு வால்வும் (மின்சாரம் பாயும் காயில் இழுத்துத் திறக்கும் வால்வு) திறக்கும். ஈரக் கையால் தொடும் பட்டனுக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோகக் கூடாது என்பதால்தான் இந்த 24. கட்டியவர் அதைச் சரியாகச் செய்திருந்தார். வேறு சிலவற்றைச் சரியாகச் செய்யவில்லை, அது பிறகு வருகிறது.

கான்டாக்டரும் ஒரு வால்வும் சேர்ந்து பிடித்து நிற்கும்போது ஒரு பேயின் கன்ட்ரோல் 1 ஆம்பியரைக்கூட எட்டாது. இழுக்கும் நொடியில் மட்டும் 3 ஆம்பியர் வரை எகிறி இறங்கும். அந்த எகிறலைப் பொறுத்துக்கொள்ளத்தான் ஃபியூஸின் உலோகத் தொப்பியில் ‘டி’ என்ற எழுத்து போட்ட மெதுவான வகையைப் போட வேண்டும். ‘எஃப்’ போட்டது வேகமான வகை. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும், விலையும் ஒன்றுதான், கடைக்காரர் கையில் வந்ததைத் தருவார். அண்ணனிடம் கையிருப்பில் இருந்ததில் பாதி ‘எஃப்’. ஆனால் அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேகமான ஃபியூஸ்தான் காரணமென்றால் மூன்று பேயிலும் சரிசமமாகப் போயிருக்க வேண்டும். மூன்றாம் பேயில் ஒன்றுகூடப் போகவில்லை.

எனக்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். அவர் மூன்று பேக்கும் 10 ஆம்ப் ஃபியூஸ் போட்டுவிட்டு, "இனி போகாது" என்று சொல்லிச் சம்பளம் வாங்கிப் போனார். உண்மைதான், நான்கு நாளில் ஒன்றுதான் போனது. நான்காம் நாள் பேனலிலிருந்து கருவாடு வாடை வந்ததாம். பிளாஸ்டிக்கும் வார்னிஷும் சூடேறினால் அந்த வாடைதான் வரும். கடைக் கல்லாவைப் பார்க்கும் அக்கா மெயின் சுவிட்சை அடித்து நிறுத்திவிட்டு, பழைய 2 ஆம்ப் ஃபியூஸ்களையே திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில் மின்சாரம் தெரிந்தவர் அக்கா என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் தோட்டத்து லயத்தில் ஃபியூஸ் கம்பி அறுந்தால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைப்பார்கள். 10 ஆம்ப் போட்டதும் அதே வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக.

புத்தகமும் மைலோ டின்னும்

அண்ணனின் கட்சி இடி. "மூணு வாரத்துக்கு முன்னாடி பக்கத்துல இடி விழுந்துச்சு தம்பி, அதுலேர்ந்துதான்." இங்கே அக்டோபர், நவம்பரில் பிற்பகல் தவறாமல் இடி முழங்கும், எதற்கும் அதைக் காரணம் சொல்லலாம். இடியால் வரும் மின்னழுத்த ஏற்றம் போர்டையோ பவர் சப்ளையையோ ஒரே அடியில் கொல்லும். இரண்டு வாரமாக நாள்விட்டு நாள் வந்து ஒரு 24 வோல்ட் ஃபியூஸை மட்டும் தட்டிவிட்டுப் போகாது.

நானும் புத்திசாலியாக எதையும் செய்துவிடவில்லை. முதல் ஒன்றரை மணி நேரம் வீண். மெயினை அணைத்துப் பூட்டி, இரண்டாம் பேயின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் எர்த்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. டெர்மினல்களை ஒவ்வொன்றாக இறுக்கினேன். பட்டன் பெட்டியைத் திறந்தேன், உள்ளே கொஞ்சம் பாசி, ஷார்ட் இல்லை. வயரை மாட்டி ஃபியூஸ் போட்டேன், ஓடியது. மூன்று மைவி கழுவி முடித்தார்கள், ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மாதிரி வந்து வந்து போகிற ஷார்ட், மெக்கானிக் எதிரில் நின்றால் ஒளிந்துகொள்ளும்.

அப்போதுதான் அக்கா கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம். ஒவ்வொரு ஃபியூஸையும் செலவுக் கணக்காக எழுதி வைத்திருந்தார்: நேரம், வண்டி, பே எண்.

காலை 9.20. ஹைலக்ஸ். 2.
மாலை 3.05. வேன். 2.
காலை 10.40. ஹைலக்ஸ். 2.
மதியம் 12.15. கோயில் வேன். 2.
காலை 8.50. சின்ன லாரி. 2.

இப்படி 16 நாளில் 11 வரி. முதல் ஏழும் இரண்டாம் பே. 2 ஆம்ப் திரும்ப வந்தபிறகு நான்கு, அதில் இரண்டு இரண்டாம் பே, இரண்டு முதல் பே. இரண்டாம் பேயின் ஒன்பது வரியில் ஒரு மைவிகூட இல்லை, ஒரு ஆக்சியா இல்லை, ஒரு சாகா இல்லை. எல்லாம் நீளமான வண்டி.

"போன ஃபியூஸ்லாம் வெச்சிருக்கேன், வேணுமா?" என்று கேட்டு ஒரு பழைய மைலோ டின்னையும் நீட்டினார். அதைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒன்பது ஃபியூஸின் கண்ணாடி உள்ளே மை பூசிய மாதிரி கறுப்பும் வெள்ளியுமாக இருந்தது. கம்பி உருகவில்லை, ஆவியாகி வெடித்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. முழு ஷார்ட்டில் ஃபியூஸ் சாவது அப்படித்தான். மிச்சம் இரண்டில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, கம்பியின் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி, இரண்டு முனையிலும் சின்ன உருண்டை. அது நிதானமாகச் சூடேறி அறுந்தது, அளவுக்கு மேல் சுமை.

அதாவது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. அண்ணனும் எனக்கு முன் வந்தவரும் நானும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நீள வண்டி என்றால் கழுவும் விதத்தில் என்ன மாறும் என்று இரண்டாம் பேயில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையனிடம் கேட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இருவருக்கும் மலாய் கொஞ்சம். "தாரிக் ஜாவ், தெருஸ் மாத்தி" என்றான். தூரமாக இழுத்தால் உடனே செத்துவிடும். இரும்புக் கையைப் பார்த்தபடிதான் சொன்னான். இரண்டு வாரமாக அவனுக்குத் தெரியும். யாரும் அவனைக் கேட்கவில்லை.

லாரி பல்பு

இனி ஷார்ட்டை நேரில் வரவழைக்க வேண்டும். ஃபியூஸ் போட்டுச் சோதித்தால் தொட்ட மாத்திரத்தில் போய்விடும், எந்த இடத்தில் தொட்டது என்று பார்க்க நேரம் இருக்காது. போதாததற்கு ஒவ்வொரு தடவையும் சில பத்து ஆம்பியர் பாய்ந்து வயரை இன்னும் கொஞ்சம் சுட்டுவிடும். இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பல்பை மாட்டுவது.

24 வோல்ட் பல்பை எங்கே தேடுவது என்று தோட்டத்து ஊரில் யோசிக்கவே வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் எல்லாம் 24 வோல்ட். எதிரே இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி, இரண்டு வயரை ஒட்டி, ஃபியூஸ் பிடியின் இரு முனையில் மாட்டினேன்.

ஏன் 70 வாட், ஏன் சின்ன இண்டிகேட்டர் பல்பு கூடாது என்று சிலர் கேட்பார்கள். குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு, சூடானால் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். கான்டாக்டரும் வால்வும் எடுக்கும் 1 ஆம்பியருக்குள்ளான மின்சாரத்தில் 70 வாட் பல்பு சரியாகச் சூடேறாது, வயர் துண்டு மாதிரி சும்மா கிடக்கும், இயந்திரமும் வழக்கம்போல இழுக்கும். முழு ஷார்ட் வந்தால் 24 வோல்ட்டும் பல்பின் மேல் விழும். அது பளீரென்று எரியும், ஆனால் 3 ஆம்பியருக்கு மேல் ஓட விடாது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் வலிக்காது, எனக்கும் நிதானமாகத் தேட நேரம் கிடைக்கும். சின்ன பல்பைப் போட்டால் கான்டாக்டரே சரியாக இழுக்காமல் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

பம்ப் ஓடாமல் இருக்க மோட்டாரின் எம்சிபியை மட்டும் கீழே தள்ளிவிட்டு 24 வோல்ட்டைக் கொடுத்தேன். பல்பு இருட்டாகக் கிடந்தது. தண்ணீர்ப் பட்டன்: ‘டக்’, இழை ஒரு கணம் சிவந்து அடங்கியது. நுரை, மெழுகு, அதே கதை. பையனிடம் கையைக் காட்டினேன், மெல்ல இழு என்று. இரும்புக் கை சுவரை விட்டு நகர்ந்தது. கால்வட்டம் தாண்டியது, ஒன்றுமில்லை. அரைவட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் பல்பு பேனலுக்குள் வெள்ளையாக எரிந்தது, பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தில் நிழல் விழுந்தது. ஒரு சாண் பின்னால் தள்ளினான், அணைந்தது. இழுத்தான், எரிந்தது.

"பேய் இல்லடா" என்றார் அண்ணன், யாரிடமென்று தெரியவில்லை.

மைவிக்குக் கால்வட்டம் போதும். ஹைலக்ஸின் பின் கதவைக் கழுவ வேண்டுமென்றால் கையை முழுக்க இழுக்க வேண்டும். என் மல்டிமீட்டர் ஒன்றரை மணி நேரமாகப் பார்த்தது சுவரோடு ஒட்டி ஓய்வில் நின்ற கையை.

மெயினைத் திரும்ப அணைத்துப் பூட்டிவிட்டு ஏணி போட்டு ஏறினேன். கை சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் பிரஷர் ஹோஸோடு சேர்த்து வயரையும் ஒரே இரும்பு கிளிப்பில் இறுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் கறுப்பு டேப், கையளவு தடிப்பு. பிரிக்கப் பிரிக்க வந்தது, நடுவில் பசை தேன் மாதிரி ஒழுகியது. கடைசிச் சுற்றுக்குக் கீழே இருந்தது வீட்டுச் சுவருக்குள் ஓட்டும் ஒற்றைக் கம்பி வயர். அசையாத இடத்துக்கு நல்ல வயர்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை வளைகிற இடத்தில் போட்டால் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டு, உள்ளே செம்பு களைத்துப்போகும். விரிசல் வழியாக நுரைத் தண்ணீர் இறங்கிச் செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. கையை முழுக்க இழுக்கும்போது வயர் முறுக்கிக்கொண்டு, அந்த விரிசல் சரியாகக் கிளிப்பின் விளிம்பில் போய் உட்காரும். கிளிப்பின் விளிம்பில் ஊசி முனையளவு உருகின புள்ளிகள் எண்ணிப் பார்க்கும்படி இருந்தன.

கிளிப் இரும்புக் கையில், கை எர்த்தில். டிரான்ஸ்ஃபார்மரின் 24 வோல்ட் பக்கத்தில் ஒரு முனையும் எர்த்தில் கட்டப்பட்டிருந்தது. அதனால்தான் வயர் இரும்பைத் தொட்டதும் ஃபியூஸ் போனது. அந்த எர்த் கட்டு இல்லாத பேனல்களும் உண்டு. அவற்றில் முதல் ஷார்ட் சத்தமில்லாமல் கிடக்கும், இன்னொரு இடத்தில் இரண்டாவதும் தொடும்போது யாரும் பட்டனை அழுத்தாமலே பம்ப் ஓடக்கூடும். எனவே எர்த் கட்டு வேண்டியதுதான். ஃபியூஸ் போகிறது என்று அதைக் கழற்றிவிடும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் பே

இது சீக்கிரம் முடிந்தது. நுரை வால்வின் காயிலைத் தொட்டால் கை சுட்டது. ஓம் பார்த்தால் அதே மாடலில் மற்ற வால்வுகள் 14 ஓம் காட்ட, இது 3 காட்டியது. கழற்றினால் உள்ளே ஏறி இறங்க வேண்டிய இரும்புத் தண்டு, பிளஞ்சர், காய்ந்த நுரை மருந்தில் சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்தது.

ஏசி காயிலுக்கு ஒரு குணம் உண்டு. பிளஞ்சர் முழுக்க மேலேறி அமர்ந்தால்தான் அதன் மின்சாரம் இறங்கும். பாதியில் மாட்டிக்கொண்டால் இழுக்கும் நொடிக்குரிய மின்சாரமே ஓடிக்கொண்டிருக்கும், காயில் வெந்துபோகும். டிசி காயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெந்துகொண்டிருந்தபோது 2 ஆம்ப் ஃபியூஸ் இருந்திருந்தால் காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதுமே அறுத்திருக்கும். 10 ஆம்ப் இருந்ததால் வேண்டிய மட்டும் வெந்தது. கருவாடு வாடைக்கு மூலம் இதுதான். பிறகு அக்கா 2 ஆம்ப்பைத் திரும்பப் போட்டதும், 6 ஆம்பியருக்கு மேல் இழுத்த காயில் அதை நிதானமாக உருக்கியது. பளிச்சென்ற கண்ணாடி இரண்டும் அந்தக் கணக்கு.

காயில் மாற்றினேன், பிளஞ்சரை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். சாயங்காலம் கடை மூடும்போது ஒரு நிமிடம் வெறும் தண்ணீரை நுரைக் குழாயில் ஓட விடச் சொன்னேன்.

போகிற போக்கில் பம்ப் அறை

மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் அறுக்கும் இஎல்சிபி இரண்டு தடவை விழுந்ததாகவும் அண்ணன் சொன்னார். இதற்கும் ஃபியூஸுக்கும் சம்பந்தமில்லை. முந்தின நாள் யாரோ பம்ப் அறையையே பிரஷர் கன்னால் கழுவியிருக்கிறார்கள். மூன்றாம் மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் கேபிள் நுழையும் வாய் மேல் நோக்கி இருந்தது, உள்ளே அரைக் குவளை தண்ணீர். மோட்டார் வயரைப் பேனலிலிருந்து கழற்றி வயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தால் 0.04 மெகா ஓம். குறைந்தது 1 இருக்க வேண்டும். அக்காவின் ஹேர் டிரையரால் முக்கால் மணி நேரம் காய வைத்தேன், 20-க்கு மேல் ஏறியது. பெட்டியைத் திருப்பி, கேபிள் வாய் கீழே பார்க்கும்படி மாட்டினேன்.

பெட்டியில் ‘ஐபி65’ என்று, தூசும் தண்ணீரும் புகாது என்கிற முத்திரை அச்சடித்திருக்கிறதே என்று அண்ணன் காட்டினார். அந்த 5-க்கான சோதனை, மூன்று மீட்டர் தள்ளி நின்று சாதாரண ஹோஸ் வாயால் தண்ணீர் பீய்ச்சுவது. தோட்டத்துச் சேற்றைக் கழற்றுகிற 100 பார் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடிப்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. 80 முதல் 100 பார் வரை தாங்கும் என்று சோதிப்பது ‘ஐபி69கே’. அது விலை அதிகம். கன்னை அந்தப் பக்கம் திருப்பாமல் இருப்பது இலவசம்.

வாக்குவம் கிளீனர் மாட்டும் பிளக் பாயின்டுக்கு இருந்த இஎல்சிபி 100 மில்லியாம்பியர். ஈரத் தரை உள்ள இடத்துக்கு 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் கேட்பது 10. அதை எழுதிக் கொடுத்தேன். மூன்று ஃபேஸ் வயர்மேன் சான்றிதழ் உள்ளவரை வைத்து மாற்றுங்கள், யாரையாவது கூப்பிட்டுச் செய்யாதீர்கள் என்றும் சொன்னேன். இதில் அண்ணன் முகம் கொஞ்சம் வாடியது.

மாற்றியது, மாற்றாதது

இரண்டாம் பேயின் கைக்குப் பல இழை கொண்ட ரப்பர் உறை கேபிள் போட்டேன். ஹோஸிலிருந்து பிரித்து, அச்சருகே ஒரு தளர்ந்த வளையம் விட்டு, கை எந்தப் பக்கம் போனாலும் கேபிள் இழுபடாமல் கட்டினேன். கிளிப்புக்கு ரப்பர் உள்ளுறை. பட்டன் பெட்டிக்குள் கேபிள் கீழிருந்து நுழைகிறது, நுழையும் முன் ஒரு தொங்கல், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மூன்று பேக்கும் 2 ஆம்ப் ‘டி’ ஃபியூஸ். பிறகு மறுபடி பல்பை மாட்டிக் கையை இருபது தடவை முழுக்க இழுத்துப் பார்த்தோம். இருட்டாகவே கிடந்தது.

"மத்த ரெண்டு கையிலயும் இதே ஒத்தக் கம்பிதான் அண்ணே. இப்பவே மாத்திடலாம்" என்றேன்.

"தீபாவளி முடியட்டும் தம்பி. காடி நிக்குது பாரு."

சரி, அவர் கடை. பல்பை மட்டும் பேனல் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டு வந்தேன். எலுமிச்சம்பழத்தை நான் தொடவில்லை.

தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார். மூன்றாம் பேயில் ஃபியூஸ் போய்விட்டதாம். பல்பை மாட்டிப் பார்த்துவிட்டார்களாம், கையை இழுத்தால் எரிகிறதாம்.

"என்ன காடிக்கா?"

புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. "வெல்ஃபயர்."

ரப்பர் கேபிள் பன்னிரண்டு மீட்டர் எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன் போகிறேன்.